ஒரு சாண் மேல்மண்

தம்பி,

இன்று காலை உன் அளவு டேப்பை எடுத்தேன். பெட்டிக்குள் உன் சட்டைகளுக்கு அடியில் கிடந்தது. இழுத்தால் கொஞ்ச தூரம் வந்து முரண்டு பிடிக்கிறது, உன்னைப் போலத்தான். ஓரங்களில் எந்த ஊர் மண்ணோ காய்ந்து ஒட்டியிருக்கிறது. விடியும்வரை நல்ல மழை. எனக்கு நிலத்தில் ஒன்றை அளக்க வேண்டியிருந்தது. என்னவென்று கடைசியில் சொல்கிறேன்.

திருப்பதியில் தெருவுக்குத் தெரு ஓட்டல்கள் எழும்பிய காலம் அது. அதுவரை யார் யாரிடமோ மேஸ்திரியாக ஓடிக்கொண்டிருந்த நீ, முதல்முறையாக உன் பெயரில் ஒரு வேலை எடுத்திருந்தாய். புது ஓட்டலுக்கு முன்னால் புல்தரை போட்டுக் கொடுக்க வேண்டும். எவ்வளவு மண் பிடிக்கும் என்று நம் வீட்டுத் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்துக் காட்டினாய். நீளம், அகலம், ஒரு சாண் உயரம். பெருக்கி வந்ததோடு கால்வாசி சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். "லாரியில வரசொல்ல மண்ணு உப்பிக்கினு இருக்கும்கா. தண்ணி உட்டா எறங்கிடும். எப்பவும் கொஞ்சம் மேலயே போடணும்" என்றாய். ரொம்பத்தான் பீற்றிக்கொள்கிறாய் என்று கிண்டல் செய்தேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

உன் கணக்கில் பிழை இல்லை. இடம்தான் ஏமாற்றிவிட்டது. அங்கே முன்பிருந்த பழைய கட்டடத்தை இடித்து, செங்கல்லையும் காரையையும் அப்படியே நிரவி மூடியிருக்கிறார்கள். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ கொட்டிய மண்ணுக்குத் தண்ணீர் விட்டதும் அத்தனையும் அந்தச் சந்து பொந்துகளுக்குள் இறங்கிவிட்டது. திறப்பு விழாவுக்குப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருக்கிறார்கள், புல் பதிக்க வேண்டிய இடம் பள்ளமாய்க் கிடக்கிறது. மறுபடி மண் எடுக்கப் போனால், ஏரியில் ஊர்க்காரர்கள் வண்டியை மறித்துவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பாகாலா ரோட்டிலிருந்து திரும்பிய டிப்பர் ஒன்று நம் வரப்போரம் வந்து நின்றதும், அதிலிருந்து நீயும் மண்வெட்டியோடு நாலு ஆட்களும் குதித்ததும்தான் தெரியும். நான் களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா, வண்டிய கொணாந்து நிறுத்திக்கினு?"

"ஒரு சாணுதான்கா. மேலாக்க வழிச்சிக்கினு போயிடறேன். நாளைக்கு விடிஞ்சா புல்லு வந்து எறங்கிடும். இல்லன்னா என்ன தூக்கிட்டு வேற ஆள போட்ருவாங்க. அப்புறம் எவன் எனுக்கு வேல குடுப்பான்?"

களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தேன். அம்மா பேருக்குப் பட்டா வரும்வரை நமக்கென்று ஒரு பிடி மண் கிடையாது. வந்த நிலமும் வெறும் சுக்கான்கல் மேடு, ஒன்றும் விளையாத சுண்ணாம்புக் கல். அதன்மேல் கோடைக்குக் கோடை ஏரி வண்டலைக் கூடையில் சுமந்து கொட்டினோம், ஆட்டுக்கிடை போட்டோம். உன் தலையிலும் கூடை இருந்ததே, எப்படியடா மறந்தாய்?

ஆட்கள் வரப்பைத் தாண்டி வந்தார்கள். நான் அவர்களுக்கு முன்னால் போய் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். "அன்னா, டைம் அயிபோதுந்தி" என்று டிரைவர் தெலுங்கில் உன்னை அவசரப்படுத்தினான். நேரம் போவது எனக்கும் தெரிந்தது. நீ என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"எழுந்திருக்கா. என் பொழப்பு போவுது."

"அந்த ஒரு சாண்லதாண்டா நாம துன்றது. நம்பலன்னா நோண்டிப் பாரு. அளக்கறதுதான உன் வேல?"

கோபத்தில் மண்வெட்டியைப் பிடுங்கி ஓங்கி வெட்டினாய். இரண்டாவது வெட்டிலேயே மண்வெட்டி கல்லில் பட்டுக் கணீரென்றது. டேப்பை இழுத்துக் குழிக்குள் விட்டுப் பார்த்தாய். வெள்ளைச் சுக்கானுக்கு மேலே ஒரு சாண்கூட முழுசாக இல்லை. குனிந்தபடியே இருந்தாய். பிறகு வெட்டிய மண்ணைக் கையாலேயே தள்ளிக் குழியை மூடினாய். அது மேடாய் நின்றது. டிப்பர் காலியாகத் திரும்பியது. நீ என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் அதில் ஏறிப் போனாய்.

வேலை போயிற்று. பாஸ்போர்ட் எடுத்தாய், குவைத்துக்குப் போனாய். அங்கேயும் யார் வீட்டு மணலிலோ மண் கொட்டிப் புல் வளர்த்தாய். போனில் பிள்ளைகளை விசாரிப்பாய், மழையை விசாரிப்பாய், நிலத்தைப் பற்றி மட்டும் கேட்கமாட்டாய். என்மேல் கோபம் என்றே நினைத்திருந்தேன். அதைக் கேட்டுவிட எனக்கும் வாய் வரவில்லை. உடம்பு முடியாமல் ஊர் திரும்பியதும் நீ முதலில் சொன்னது, "என்ன நம்ம நெலத்துக்கு கூட்டினு போக்கா" என்பதுதான். வரப்பில் உட்கார்ந்து வேர்க்கடலைச் செடியைத் தடவிக்கொண்டிருந்தாய்.

நான் அன்று விட்டுக்கொடுத்திருந்தால் நீ அவ்வளவு தூரம் போயிருக்கமாட்டாய். ஆனாலும் நாளைக்கே இன்னொரு டிப்பர் வந்து நின்றால் அதே இடத்தில் உட்காருவேன். இது உனக்கும் தெரியும்.

உன்னை நிலத்து மூலையில்தான் அடக்கம் செய்தோம். குழி வெட்டியவர்களிடம் மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கச் சொன்னேன். சுக்கான் அடியில் போகட்டும், நல்ல மண் மேலே வரட்டும் என்றேன். மூடி முடித்து, "போதும்கா" என்றார்கள். இன்னும் போடச் சொன்னேன். மண் போதாமல் போகவே, சுற்றிலும் கடலைக் கொல்லையில் நானே வழித்துக் கொடுத்தேன். "இன்னாத்துக்கு இவ்ளோ?" என்று கேட்டார்கள். "மழ பேஞ்சா எறங்கிடும்டா, எப்பவும் கொஞ்சம் மேலயே போடணும்" என்றேன்.

நேற்று ராத்திரி பெய்ததுதான் அதற்கப்புறம் முதல் மழை. இன்று காலை டேப்பை எடுத்துக்கொண்டு போய் உன் மேட்டை அளந்தேன். நன்றாக இறங்கி, கெட்டிப்பட்டிருக்கிறது. தரைக்கு மேல் ஒரு சாண் நிற்கிறது. அன்று நீ கேட்டதும் அவ்வளவுதான்.