பிள்ளைகள்: இல்லை

என் ஆசை நைனாவுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் உனக்கு எழுத மனசு வரவில்லை. உன்மேல் எனக்கு ஒரு கோபம் பாக்கி இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

செங்கல்பட்டு முன்னாள் படைவீரர் ஆபீசில் கல்லூரி உதவித்தொகை வேலை இப்போது முழுக்க என் கையில்தான். சர்ட்டிபிகேட் குறைகிறது என்று யாரையும் சும்மா திருப்பி அனுப்புவதில்லை. எதை எங்கே வாங்குவது என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துத்தான் அனுப்புவேன். ஆபீசருக்குக்கூட என்னிடம் கொஞ்சம் பயம்தான். உன் வாய் அப்படியே எனக்கு வந்திருக்கிறது.

போன வாரம் மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து விண்ணப்பம் வந்தது. வள்ளி என்று ஒரு பெண். பி.யூ.சி.யில் இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகை இல்லாவிட்டால் கல்லூரி கிடையாது. அப்பா ஏகாம்பரம் பட்டாளத்தில் நாயக்காக இருந்தவர், இப்போது மீன்பிடிக்கிறார். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிரித்தால், 'பிள்ளைகள்: இல்லை' என்று இருக்கிறது.

நீ பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்திலும் அதேதானே, நைனா? அதனால்தானே எனக்கு உதவித்தொகை வராமல், எஸ்.எஸ்.எல்.சி.யோடு டைப்ரைட்டிங்குக்குப் போனேன்? ஆண்பிள்ளை பிறக்காத ஏக்கத்தில் என்னை ஒரு பிள்ளையாகவே நீ சேர்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பிள்ளையே இல்லாதவருக்கு எதற்கு உதவித்தொகை என்று ஆபீசர் ஃபைலைத் தள்ளிவிட்டார். கடைசித் தேதிக்கு இரண்டே நாள். விடுவேனா? திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துக் குப்பத்துக்கே போனேன். ஏகாம்பரம் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்த, இம்மாம் பெரிய பொண்ண வூட்ல வச்சிகினு, இல்லைன்னு சொல்லிக்கீறே?"

அவர் நிமிரவில்லை. "சண்டை முடிஞ்ச நேரம்மா. கிளார்க்கு புள்ளைங்க பேரைக் கேட்டான். பேரு குடுத்தா, அடுத்த சண்டைக்கு நர்ஸு வேலைக்கு இட்டுகினு பூடுவாங்கன்னு பயந்துட்டேன். நான் பாத்ததெல்லாம் எம்பொண்ணு பாக்க வாணாம்னு, புள்ளையே இல்லைன்னுட்டேன். பொய் சொன்னதுக்கு இப்போ கேஸு போடுவாங்களா?"

"ஒண்ணும் ஆவாது, நான் கீறேன். உள்ளதை எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தார். ஊர்க் கணக்கு பார்க்கும் கர்ணத்திடம் ஒரு சான்று, பள்ளிக்கூடத்தில் பதிவேட்டு நகல் ஒன்று. மறுநாள் மூன்றையும் ஆபீசர் மேசையில் வைத்தேன்.

"சார், ஒரு தகப்பன் பயத்துல சொன்னதை நம்புறீங்க. இந்த மூணையும் நம்ப மாட்டீங்களா?"

மனுஷர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், கடைசியில் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை வள்ளி கல்லூரிக்குப் போகிறாள்.

குப்பத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன், நைனா. பர்மா காட்டில் நீ என்னவெல்லாம் பார்த்தாய்? ஒரு வார்த்தை சொன்னதில்லையே. நீயும் பயந்துதான் என் பேரை மறைத்தாயா? இல்லை, நான் நினைத்ததுதான் சரியா? ஊரையே கேள்வி கேட்கிற எனக்கு உன்னிடம் மட்டும் வாய் வரவில்லை. பயந்துதான் சொல்லியிருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கோபம் போய்விட்டது.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். இனிமேல் எந்தச் சிப்பாயாவது என் மேசைக்கு முன்னால் நின்று பிள்ளை இல்லை என்றால், உடனே எழுதிவிட மாட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யாரை நெனச்சு பயப்படுறே?" என்று கேட்பேன்.

உன் ஒரே பிள்ளை,
கஸ்தூரி