காலடி ஸ்பீக்கர்

பாப்பா,

தொண்டை தேவலையா? நேற்று கடைசிப் பாட்டில் குரல் கம்மியது. வெந்நீர் குடி.

அம்மா உன் மேடை வீடியோவை அக்கம்பக்கம் எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறாள். போன வாரம் எனக்கும் காட்டினாள். உனக்குப் பின்னால் நின்று நான் உயிரைக் கொடுத்து வாசிக்கிறேன். கேட்பதோ உன் கிடார் மட்டும். போன் கோளாறு என்று நினைத்து, கிடைத்த வீடியோ எல்லாம் பார்த்தேன். எதிலும் என் கிடார் இல்லை.

நேற்று நீ வருவதற்கு முன் சவுண்ட்காரரிடம் கேட்டேன். வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "உங்க லைன் வெளிய போகாதுண்ணே. உங்க காலடி ஸ்பீக்கருக்கு மட்டும்தான். முதல் நாள்லேருந்தே அப்படித்தான். அண்ணன் மனசு நோகக் கூடாதுன்னு பாப்பாதான் சொல்லுச்சு."

கோபமெல்லாம் இல்லை. உன் விரலைப் பிடித்துக் கிடார் கம்பியில் முதல் கார்டு வைத்துக் காட்டியவன் நான். என் வாசிப்பின் லட்சணம் உன்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் மேடைக்கு மேடை "எங்க அண்ணன் கிடார் இல்லன்னா இந்தப் பாட்டே இல்ல" என்று மைக்கில் சொல்கிறாயே, அதையாவது விட்டிருக்கலாம். கூட்டம் கைதட்ட, நான் வேறு குனிந்து கும்பிட்டேன்.

அதனால் நேற்று ஒரு காரியம் செய்தேன். நீ புதுப் பாட்டுகளைப் பாடப் பாட, நான் பின்னால் நின்று உன் முதல் பாட்டையே திரும்பத் திரும்ப வாசித்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து நாம் சேர்ந்து போட்டது. சத்தமாகவே வாசித்தேன்.

முடிந்ததும் நீ திரும்பி என் தோளைத் தட்டினாய்.

"இன்னிக்குத்தாண்ணா எல்லாம் கரெக்டா வாசிச்ச" என்றாய்.

உன் அண்ணன்