கொலுவில் நின்ற கோபுரம்

மயிலாப்பூர்,
பிப்ரவரி 12, 2025

என் ஸ்ரீநாத்துக்கு,

உன் அம்மாவும் நானும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீயாக எழுதினால்தான் உண்டு. கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. காரணம் இருக்கிறது.

பொங்கல் கழிந்த வாரம் உத்தரவு வந்ததை நீயே படித்திருப்பாய். உன் கம்பெனியின் ஷூலான் போன்களை இனி இறக்குமதி செய்யக்கூடாது, என்னைப்போல அரசு வேலையில் இருப்பவர்கள் வைத்துக்கொள்ளவும் கூடாது. உன் கம்பெனிக்கும் நீ இருக்கும் அந்த நாட்டு அரசாங்கத்துக்கும் உள்ளுக்குள் தொடர்பு இருக்கிறது, இங்கே போனில் எடுப்பதெல்லாம் அங்கே போகிறது என்று சந்தேகம். அன்றைக்கே என் போனையும் அம்மாவின் போனையும் அணைத்து பீரோவில் வைத்துவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். போன நவராத்திரிக்குக் கொலுப்படிக்குக் கீழே எங்கள் அடையாறு ஆபீஸையே பார்க்காகக் கட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? தெர்மாகோல் கட்டிடம், வெந்தயம் முளைக்கவைத்த புல்வெளி, டீ வடிகட்டியில் செய்த ரேடார். வாசல் காவலுக்குச் செட்டியார் பொம்மை. மரப்பாச்சிகளின் கழுத்தில் அடையாள அட்டைகூட மாட்டினேன். அந்தப் படம் இப்போது உன் கம்பெனி இணையதளத்தின் பண்டிகைப் பக்கத்தில் பெரிதாக நிற்கிறது. கீழே பெயர் இல்லை, 'சென்னை' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் சுண்டல் வாங்கிப் போனவர்களில் யாரோ பார்த்து ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான், ஒன்றைத் தவிர. புல்வெளி ஓரத்தில் ஒரு கோபுரம் வைத்திருந்தேன். அந்தக் கோபுரம் ஆபீஸில் இன்னும் கட்டவே இல்லை, வெளியே யாருக்கும் காட்டக்கூடாத வரைபடத்தில்தான் இருக்கிறது. தினமும் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு அது எழும்பிவிட்டதுபோலவே ஆகிவிட்டது. மூளையைக் கடன் கொடுத்தவள் மாதிரி அதையும் அட்டையில் செய்து வைத்துவிட்டேன்.

இப்போது என்னை ரேடார் பிரிவிலிருந்து எடுத்து நூலகத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். விசாரணை நடக்கிறது. வேலையே போகலாம். அது முடியும்வரை உன்னோடு போனில் பேசவேண்டாம் என்று மேலதிகாரி சொன்னார். தபாலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ரத்த அழுத்தம் ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டு லேண்ட்லைனில் அம்மாவோடு பேசும்போது நீயும் வாயைத் திறக்காதே.

அம்மாவின் போனில் படம் எடுத்து உனக்கு மட்டும்தான் அனுப்பினேன். 'உன் கண்ணுக்கு மட்டும்' என்று கூடவே எழுதினேன். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதை நீ யாருக்காவது கொடுத்தாயா? உள்ளதைச் சொல். கொடுத்திருந்தால் திட்டுவேன், அழுவேன், அப்புறம் இரண்டு பேருமாக வழி பார்ப்போம்.

உன்,
நீரஜா

*

ஷென்ஜென்,
மார்ச் 2, 2025

என் நீரஜாவுக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனியின் பாதுகாப்பு வாசலில் பிரித்துப் பார்த்துவிட்டு நீட்டினார்கள். தமிழ் தெரிந்தவர் யாரும் இங்கே இல்லாதது உன் கையெழுத்துக்கு நல்லதாகப் போயிற்று.

நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறாய் என்று படித்ததும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே திருப்பி வைத்துவிட்டேன். அந்த ரேடாருக்கு நீ எத்தனை ராத்திரி கண் விழித்தாய் என்று எனக்குத் தெரியாதா?

இந்தக் கம்பெனியில் நான் செய்வது, இருட்டில் எடுத்த படத்தை வெளிச்சமாக்குவது, அவ்வளவுதான். நான்காவது மாடியில் இந்த நாட்டு ஆளும் கட்சிக்கு ஓர் அறை இருக்கிறது, உண்மை. உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெளியே நின்றால் டேபிள் டென்னிஸ் ஆடும் சத்தம் கேட்கும். இதைத்தான் அரசாங்கத் தொடர்பு என்கிறார்களோ என்னவோ.

நீ கேட்டதற்கு நேரடியாகவே பதில். படத்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. எப்படிப் போயிற்று என்றும் தெரியவில்லை. தைரியமாக இரு. கபாலி பார்த்துக்கொள்வார்.

உன்,
ஸ்ரீநாத்

*

மயிலாப்பூர்,
மார்ச் 27, 2025

என் ஸ்ரீநாத்துக்கு,

உன் பதில் வந்த அன்றைக்குப் பங்குனி உற்சவத்துக்குப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே நின்று படித்தேன். ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. உன்மேல் சந்தேகப்பட்டுவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது. மன்னித்துக்கொள்.

மறுநாளே போய்ச் சொல்லிவிட்டேன். விசாரிப்பவர் பெயர் செம்பியன். குரலே உயர்த்தாத மனிதர், அதனாலேயே பயமாக இருக்கும்.

"உங்க ஹஸ்பண்ட் குடுக்கலைன்னு எப்படி மேடம் இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"அவரே சொன்னார் சார்."

"அவர் அந்தக் கம்பெனி ஆள்."

"என் புருஷனும்தான் சார். என்கிட்ட பொய் சொல்ல மாட்டார்."

"அப்ப படம் எப்படிப் போச்சு?"

"நானும் அனுப்பலை, அவரும் குடுக்கலைன்னா, போன்தான் எடுத்துண்டிருக்கணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். கோபுரத்தை வைத்தது என் தவறு என்பதையும் மறைக்கவில்லை. அதற்குக் கண்டனக் கடிதத்தோடு விட்டார்கள். திங்கட்கிழமை என் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன்.

ஆனால் என் வார்த்தை இவ்வளவு தூரம் நடக்கும் என்று நினைக்கவில்லை. 'அரசு ஊழியர் வீட்டுப் படத்தைத் தானே எடுத்துச் சென்ற போன்' என்று பேப்பரில், டிவியில், எங்கும் அதே பேச்சு. முதலில் இறக்குமதிக்குத்தான் தடை. இப்போது கடையில் இருப்பதையும் விற்கக்கூடாது என்று ஆகிவிட்டது. பாண்டி பஜார் ஷோரூமைச் சாத்திவிட்டார்கள். அங்கே அம்மாவுக்குப் போன் விற்ற பாரத் என்ற பையனைச் சாந்தோமில் பார்த்தேன். தன் அம்மாவோடு மீன் விற்றுக்கொண்டிருந்தான்.

"இன்னா மேடம் இது? நாந்தான் உங்களுக்குக் கேமரா சூப்பரா கீதுன்னு சொல்லி வித்தேன். இப்ப எங்க குப்பத்துல திருட்டுப் போன் வித்தவன்னு கலாய்ச்சிக்கினு கீறானுங்கோ" என்றான்.

உன் வேலைக்கு ஆபத்து ஒன்றும் இல்லையே? எழுது.

உன்,
நீரஜா

*

ஷென்ஜென்,
ஏப்ரல் 22, 2025

நீரஜா,

போன் எடுத்தது என்று ஏன் சொன்னாய்? 'தெரியவில்லை' என்று நிறுத்தியிருக்கக்கூடாதா? உன்னை யார் அவ்வளவு தூரம் போகச் சொன்னது?

இங்கே அந்தச் செய்தியை மொழிபெயர்த்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் நான் ஒருவன்தான் இந்தியன். மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் வேறு மேசைக்குப் போகிறார்கள். இரண்டு கதவுகள் என் அட்டைக்குத் திறப்பதில்லை.

முடிந்தால், சரியாக நினைவில்லை என்று மாற்றிச் சொல்லிப் பார். கோபமாக எழுதுவதாக நினைக்காதே. தூக்கம் சரியில்லை.

ஸ்ரீநாத்

*

மயிலாப்பூர்,
ஜூன் 14, 2025

ஸ்ரீநாத்,

செவ்வாய்க்கிழமை உன் அம்மாவின் பெயருக்கு அறிவிப்பு வந்தது. ஷூலான் கம்பெனியிலிருந்து டிசம்பரில் அனுப்பிய பார்சல் ஒன்று, புது போன். தடையால் அது சுங்கத்தில் முடங்கிக் கிடக்கிறதாம். தரமுடியாது, விளக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நான் உரக்கப் படித்தேன். அம்மா அடுக்களையில் வத்தக்குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அது நம்மாத்துக் கொலு படத்துக்குப் பரிசா இருக்கும்டி! கம்பெனில போட்டி வெச்சாளாம். அங்க வேலை பாக்கறவா கலந்துக்கப்படாதாமே, அதான் எம்பேர்ல அனுப்பினான். உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும், சொல்லாதேன்னு சொல்லிண்டே இருந்தான். பாவம், ஜெயிச்சுட்டான் போலிருக்கே!"

அப்போதுதான் விசாரணை, கையெழுத்து, பேப்பர் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். புளிக்கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் குழம்பு இல்லை.

படத்தைக் கொடுத்தது எனக்கு வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது பெருமையில் செய்தது. என் கைவேலையை நாலு பேருக்குக் காட்டவேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கு உன்னை இரண்டு நாள் திட்டிவிட்டு மூன்றாம் நாள் மறந்திருப்பேன். நான் கேட்டபோது இல்லை என்றாயே, அதை என்ன செய்வது? அந்த 'இல்லை'யை எடுத்துக்கொண்டுபோய், என் புருஷன் பொய் சொல்லமாட்டார் என்று முன்பின் தெரியாத மனிதர் முன்னால் தலை நிமிர்ந்து சொன்னேன். நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

என் வாக்குமூலம் பொய்யாகிவிட்டது. அதைத் திருத்தியாகவேண்டும். நான் போய்ச் சொன்னால், வேலைக்காக அன்றைக்குப் பொய் சொன்னவள் என்றுதான் நினைப்பார்கள். படத்தை நான்தான் கொடுத்தேன், மனைவிக்குத் தெரியாது என்று இரண்டு வரி செம்பியன் சாருக்கு எழுதி அனுப்பு. உன்னிடம் வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

நீரஜா

*

ஷென்ஜென்,
ஜூலை 9, 2025

என் நீரஜாவுக்கு,

தப்புதான். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். நீ நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறாய் என்று படித்தபோது, என்னால்தான் என்று எழுத கை வரவில்லை.

ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசி. நீ உன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டாய். வழக்கு முடிந்துவிட்டது. அந்த இரண்டு வரியை எழுதினால் அம்மா பெயரில் ஏமாற்றினேன் என்று இங்கே வேலை போகும். அங்கே வந்தால் என்னையும் விசாரிப்பார்கள். யாருக்கு என்ன லாபம்? இந்தக் கம்பெனி சொக்கத் தங்கம் இல்லை. நம் படத்தை எடுக்கவில்லை என்றாலும், எத்தனை பேர் படத்தை எடுத்திருக்கிறதோ, யார் கண்டது? இந்த ஒன்று பொய்யானால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடுமா?

அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ பேசாமல் இரு. நம் இரண்டு பேருக்கும் நல்லதைத்தான் சொல்கிறேன்.

என்றும் உன்,
ஸ்ரீநாத்

*

மயிலாப்பூர்,
செப்டம்பர் 3, 2025

ஸ்ரீநாத்துக்கு,

உன் கடிதத்துக்குப் பிறகும் ஒரு மாதம் காத்திருந்தேன். மனசு மாறி எழுதுவாய் என்று தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலுக்கு வந்து நின்றேன். அவரே ஒருநாள், "இருந்தா நானே பெல் அடிப்பேன்மா" என்றார்.

போன வாரம் நானே போனேன். அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வேண்டாம் என்றேன்.

"எம்பேர்லதானே அனுப்பினான்? நானும் வந்து சொல்றேன். எனக்கு மட்டும் வெக்கம் இல்லையா?"

ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். செம்பியன் சார் முழுவதும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "அன்னிக்கு அவர் பொய் சொல்ல மாட்டார்னீங்களே மேடம்?" அன்றைக்கு அது உண்மை என்றுதான் நினைத்தேன் என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. இப்போது வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். முடிவு எப்படி வரும் என்று சொல்லமுடியாது.

உன் கேள்விக்கு வருகிறேன். யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. தடையை யாரும் நீக்கவில்லை. வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றனவாம், இருக்கட்டும். முதல் பக்கத்தில் போட்ட பேப்பர் என் திருத்தத்தை எந்தப் பக்கத்திலும் போடவில்லை. பாரத்திடமும் போய்ச் சொன்னேன். மீனை வெட்டிக்கொண்டே, "இப்ப சொல்லி இன்னா மேடம் ஆவப்போவுது? கடையைத் தொறக்கவா போறானுங்கோ?" என்றான். வெட்டிய மீனைத் தட்டில் போட்டுவிட்டு, "ஆனா வந்து சொன்னியே" என்றான். அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது.

உன் கம்பெனியைப் பற்றி ஊரே கேட்கிறது, உள்ளே யாரோடு உறவு, எதை மறைக்கிறது என்று. எனக்கு அதன் விடை தெரியாது, இனித் தெரியவும் வேண்டாம். என் வீட்டில் அதே கேள்வியை நான் கேட்கவேண்டி வந்ததே, அதுதான் தாங்கவில்லை.

அம்மா என்னோடுதான் இருப்பேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் பேசுவார், கொஞ்சம் அழுவார்.

நவராத்திரி வருகிறது. நேற்று இரண்டு பேருமாகப் பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை இறக்கினோம். செட்டியாருக்கு மூக்கு லேசாக உடைந்திருக்கிறது. இந்த வருஷம் பார்க் கிடையாது, படிகள் மட்டும். படமும் எடுக்கப்போவதில்லை. பார்க்கவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நேரில் வந்துதான் பார்க்கவேண்டும். வந்தால் விமானத்திலிருந்து இறங்கி நேராக வீட்டுக்கு வராதே. முதலில் அடையாறு போய், அந்த இரண்டு வரியை உன் வாயால் சொல்லிவிட்டு வா.

கதவைத் திறப்பேனா என்று கேட்காதே. கொலு வைத்த வீட்டில் வருகிறவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்காமல் அனுப்புவதில்லை. அதற்குமேல் இப்போது என்னால் சொல்லமுடியவில்லை.

நீரஜா