ஒரு மாதம் தங்கிப் பாருங்கள்

பிரியமுள்ள குண்டூசிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய் என்பதால் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படிக்கிறாயா, நின்றுகொண்டே படிக்கிறாயா என்று மட்டும் எழுது. நின்றுகொண்டு என்றால், இன்னும் சமையலறையில் நின்றபடியேதான் சாப்பிட்டு முடிக்கிறாய் என்று புரிந்துகொள்வேன்.

நான் பெட்டி கட்டியபோது, "துணிக்கடையில போட்டுப் பாக்கற மாதிரி ஊரையும் போட்டுப் பாக்கப் போறியாக்கும்?" என்று சிரித்தாய். உன் கணவர் போன பிறகு நீ சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். போட்டுப் பார்த்தேனடி. பிடித்துவிட்டது. ஒரு மாதம் தங்கிப் பார்க்க வந்தவள், குளிர்காலமும் கழிந்து இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரைப் பற்றிக் கேட்டிருந்தாய். காகித ஆலை மூடியதிலிருந்து இங்கே இளவட்டங்கள் தங்குவதில்லை. பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பறைகளில் பெஞ்சுகளை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இப்படியே போனால் மேல் வகுப்புகளை மூடிவிடுவார்கள், பிறகு பிள்ளை வைத்திருக்கிற மிச்சக் குடும்பங்களும் கிளம்பிவிடும் என்று நகராட்சித் தலைவிக்குக் கவலை. அவர் முன்பு கணக்கு டீச்சராக இருந்தவர். ஓய்வு பெற்றவர்களையும் வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்கிறவர்களையும் இங்கே கூப்பிட்டால், எங்கிருந்தோ வருகிற பென்ஷனும் சம்பளமும் இந்தக் கடைத்தெருவில் செலவாகும் என்று கணக்குப் போட்டார். "ஒரு மாதம் தங்கிப் பாருங்கள்" என்று பத்திரிகையில் வந்த விளம்பரம் அவர் கைவண்ணம்தான். நான் வந்து இறங்கியபோது பஸ் நிலையத்துக்கு அவரே வந்து பெட்டியைத் தூக்கினார். என் பெட்டியை நானே தூக்கிப் பழகியவள், பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

கணக்கு பலித்துக்கொண்டுதான் இருக்கிறது. என்னைப் போல் நிறையப் பேர் வந்திருக்கிறோம். ரயில் என்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒருவர் மனைவியோடு வந்திருக்கிறார். பஸ் கொஞ்சம் தாமதமானாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். குழாய் மேஸ்திரி ஒருவர், கணினிக்காரப் பிள்ளைகள் ஒரு ஜோடி. நிறுத்தி வைத்திருந்த டவுன் பஸ் மறுபடி ஓடுகிறது. ரொட்டிக் கடைக்காரர் சாயங்காலமும் அடுப்பு மூட்டுகிறார். மருந்துக் கடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், தெரு முழுக்க முட்டிவலித் தைலம் மணக்கிறது.

எனக்குக் கிடைத்த வீடு ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில். மூன்று அறை. காலையில் முன் ஜன்னலைத் திறந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஏதாவது கேட்டுவிட்டுப் போகிறார்கள். நகரத்தில் எதிர்வீட்டுக்காரருக்கு என் முகமே தெரியாது என்பது உனக்குத் தெரியும். இதையெல்லாம் எழுதி உன்னைப் பொறாமைப்பட வைக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் போன வாரம் நடந்ததையும் எழுதாவிட்டால் எனக்குத் தொண்டையில் முள்தான்.

ஜன்னல்களுக்குத் திரை தைக்கக் கடைத்தெருத் தையற்காரப் பெண்ணிடம் கொடுத்திருந்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசமாட்டாள். தைத்ததை மாட்டிக் கொடுக்க அவளே வந்தாள். மழை இருட்டு. இந்த வீட்டில் முன்னறை விளக்கின் சுவிட்ச் அறைக்குள் இல்லை, சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. எந்தப் புண்ணியவான் வைத்தானோ, அதைக் கண்டுபிடிக்க எனக்கே நாளாயிற்று. விளக்கைப் போட நான் எழுந்திருக்கிறேன், அதற்குள் அவள் கை கதவுக்குப் பின்னால் போய்விட்டது. விளக்கு எரிந்தது.

"நீ இங்க இருந்தியாம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பிள்ளைங்களும் பொறந்தது இங்கதாம்மா" என்றாள். வெளியூர்க்காரர்கள் அதிக வாடகை தருவார்கள் என்று தரகர் வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுத்து, இவர்களைக் காலி செய்ய வைத்திருக்கிறார். இப்போது ஊருக்கு வெளியே, செங்கல் சூளையைத் தாண்டி ஒற்றை அறையில் இருக்கிறார்கள். அவள் கணவன் லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். பிள்ளைகள் சாலையோரமாகப் பள்ளிக்கு நடந்து வருகிறார்கள். என்னைக் குறை சொல்லவில்லை. திரையை மாட்டி, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு அந்த வீட்டில் கால் நீட்டிப் படுக்க முடியவில்லை. என்ன செய்யலாம் என்று நீயாவது சொல்.

உன்,
சைரன்

*

என் குண்டூசியே,

உன் பதில் வந்தது. நாலே வரி, ஆனால் குத்த வேண்டிய இடத்தில் குத்தினாய். "காலி பண்ணிட்டு வா, என்ன யோசனை?" என்று எழுதியிருந்தாய். நானும் அதே நினைப்பில்தான் தையற்கடைக்குப் போனேன்.

அவள் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். "நீங்க போனா அங்க இன்னொருத்தர் வருவாங்க. நான் வர முடியுமா? அந்த வாடகைக்கு நான் எங்கம்மா போவேன்?" அவள் சொன்னது சரிதான். ஆஸ்பத்திரி வார்டில் அத்தனை பேரை அதட்டிய என்னை ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிட்டாள். நான் கிளம்பிப் போவதால் என் மனசுதான் லேசாகும், அவள் பிள்ளைகள் நடக்கிற தூரம் குறையாது.

அந்த நேரம் பார்த்து நகராட்சியில் ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். திட்டம் நன்றாக நடக்கிறதாம். புதிதாக வந்தவர்கள் சார்பில் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று தலைவியே வந்து கேட்டார். ஒலிபெருக்கி இல்லாமலே கேட்கும் என்பதால் என்னைப் பிடித்தார்களோ என்னவோ.

மேடையில் ஏறி முதலில் நன்றிதான் சொன்னேன். இந்த ஊர் எனக்குக் கொடுத்ததை எல்லாம் சொன்னேன். பிறகு, நான் இருக்கிற வீட்டில் எனக்கு முன்னால் யார் இருந்தார்கள், எப்படிப் போனார்கள் என்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை. "நாங்க வந்து ஊரு வளரணும்னுதான் கூப்பிட்டீங்க. ஒருத்தரை வெளிய தள்ளிட்டு ஒருத்தர் உள்ள வந்தா அது வளர்ச்சியா? ஆள் மாறுது, அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

தரகர் எழுந்துவிட்டார். "வந்து இன்னும் பெட்டியே பிரிக்கலை, அதுக்குள்ள ஊரைத் திருத்த வந்துட்டாங்க. வீட்டுக்காரர் தன் வீட்டை யாருக்குக் குடுத்தா இவங்களுக்கு என்ன?" என்றார். பின்னால் சிலர் கை தட்டினார்கள். எனக்கு மூஞ்சியில் அடித்தாற்போல் இருந்தது. அப்போது ரொட்டிக் கடைக்காரர் மெதுவாக எழுந்து, "எனக்கு வியாபாரம் நல்லாத்தான் போகுது, வாங்கறவங்க வந்துட்டாங்க. ஆனா மாவு பிசையற அம்மா வாடகை குடுக்க முடியாம மகள் ஊருக்கே போறேங்குது. ரொட்டி வாங்க மட்டும் ஆள் இருந்தா போதுமா? சுடறதுக்கு யாரு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாக இல்லை. ஆளாளுக்குப் பேசினார்கள். என்ஜின் டிரைவர் தன் வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்று அங்கேயே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். கேக் வெட்ட வைத்திருந்த கத்தி அப்படியே கிடந்தது.

தலைவி மறுநாள் காலையில் என்னை வரச் சொன்னார். பெட்டி கட்டச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, "நடக்க முடியுமா?" என்று கேட்டார். "உங்களைவிட வேகமா நடப்பேன்" என்றேன்.

ஆலைக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ் இருக்கிறது. ஆலை மூடியபோது நகராட்சி கைக்கு வந்ததாம். இரண்டிரண்டாக ஒட்டிய வீடுகள், வரிசை வரிசையாக. ஓட்டில் புல் முளைத்திருந்தது. ஒரு கதவைத் திறக்கச் சாவி சுற்றவில்லை. இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். உள்ளே தரை பாழாகவில்லை, சுவரும் கெட்டியாக இருந்தது. தலைவி ஜன்னலோரம் நின்று, "வந்தவங்க எத்தனை பேருன்னு எண்ணினேன். போனவங்களை எண்ணாம விட்டுட்டேன். பிள்ளைங்க இப்படித் தப்பு பண்ணினா மார்க் குடுக்கவே மாட்டேன்" என்றார். பிறகு புடவைத் தலைப்பிலிருந்து தூசியைத் தட்டிவிட்டு, "கூரை, குழாய், கரண்ட். இதுல எது மொதல்ல?" என்று கேட்டார். அந்த மனுஷியை எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

இப்போதைக்கு நகராட்சியில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். இனி இந்தத் திட்டத்தில் பூட்டிக் கிடக்கிற வீடுகளைத்தான் கொடுப்பார்கள். திட்டத்துக்காகக் காலி செய்ய வைக்கப்பட்டவர்களுக்குக் குவார்ட்டர்ஸில் முதல் உரிமை. தரகர் என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போகிறார். போகட்டும், நடப்பது உடம்புக்கு நல்லது.

உன் மாத்திரைகளை வேளாவேளைக்குப் போடு. எனக்காக இல்லாவிட்டாலும், நாம் இரண்டு பேரும் எத்தனை நோயாளிகளை இதற்காகத் திட்டியிருக்கிறோம் என்பதற்காகவாவது.

உன்,
சைரன்

*

குண்டூசி,

என் போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபமில்லை. உன் மகன் வெளிநாட்டிலிருந்து எனக்குப் போன் செய்தான். "பெரியம்மா, அம்மா போன் எடுத்தா 'ம்'னு மட்டும்தான் சொல்றாங்க. லிஃப்ட் கெட்டுப்போனதுல இருந்து கீழயே எறங்கலையாம். இங்க வாங்கன்னாலும் வர மாட்டேங்கறாங்க" என்றான். குரல் உடைந்திருந்தது. அவனிடம் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன்.

அதனால் இதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

குவார்ட்டர்ஸில் முதல் இரண்டு வரிசையும் முடிந்துவிட்டன. ஓய்வு பெற்ற கூட்டத்துக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! மேஸ்திரி குழாய் போட்டார். என்ஜின் டிரைவர் எல்லாரையும் நேரத்துக்கு வரச் சொல்லி உயிரை வாங்கினார். கணினிப் பிள்ளைகள் வெள்ளையடித்தார்கள், சுவரைவிட அவர்கள் மேல்தான் அதிகம் சுண்ணாம்பு. தையற்காரப் பெண்ணுக்குச் சாலையைப் பார்த்த வீடு. முன்னறையில் கடை போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தால்தான் வருவேன் என்று தலைவியிடமே அடித்துப் பேசி வாங்கிவிட்டாள். பழைய வீடு வேண்டாமா என்று கேட்டேன். "வேண்டாம்மா. அங்க ஒவ்வொரு மாசமும் வீட்டுக்காரர் மூஞ்சியைப் பாத்தே காலம் போச்சு. இங்க என் பேர்ல எழுதிக் குடுத்திருக்காங்க" என்றாள். பள்ளிக்கூடம் அவள் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். இப்போது இன்னொரு மெஷினும் வாங்கி, உதவிக்கு ஒரு பெண்ணையும் வைத்திருக்கிறாள். எனக்குச் சலுகையெல்லாம் கிடையாது, தைத்தால் கூலியைக் கறாராகக் கேட்டு வாங்கிக்கொள்வாள். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சியோடு வந்து, "படுங்க, நர்ஸுன்னா காய்ச்சல் வராதா?" என்று அதட்டிவிட்டு, பிள்ளைகளின் பாடப் புத்தகத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சலைப் பற்றி உனக்கு எழுதவில்லை என்று ஆரம்பிக்காதே. சரியாகிவிட்டது.

நானும் அந்தப் பாலத்து வீட்டை விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது. வாடகை குறைந்து, இப்போது பள்ளிக்குப் புதிதாக வந்த வாத்தியார் குடும்பம் இருக்கிறது. மேல் வகுப்புகளை மூடப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது. அன்று தலைவி கடைத்தெருவில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், தரகருக்கும்தான்.

காலி செய்தவர்களுக்கெல்லாம் கொடுத்து மிஞ்சியதில் எனக்குக் கிடைத்தது இரண்டாவது வரிசையில், ஒட்டு வீட்டில் ஒரு பாதி. நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். மாடிப்படி கிடையாது. வாசலில் இறங்கினால் தரை. அந்தப் பக்கத்துப் பாதி காலியாக இருக்கிறது.

இங்கே ஆஸ்பத்திரிக்கு ஒரு இளம் டாக்டர் வந்திருக்கிறார். நல்ல பிள்ளை. இரண்டு நர்ஸ் பெண்கள் இருக்கிறார்கள், கட்டு கட்டுவது பார்சல் கட்டுவது போல இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்த ஒருத்தி என் சிநேகிதி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "வாரத்துல ரெண்டு காலை வந்து சொல்லிக் குடுப்பாங்களா? கேட்டுச் சொல்லுங்களேன்" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். கேட்டுவிட்டேன்.

நீ அந்த வீட்டை விட்டு வர முடியாது என்பாய். அவர் உட்கார்ந்த நாற்காலி, அவர் மாட்டிய கடிகாரம் எல்லாம் அங்கே இருக்கிறது என்பாய். விடச் சொல்லவில்லை. பூட்டிவிட்டு வா, சாவி உன்னிடமே இருக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் நானே பஸ் ஏற்றிவிடுகிறேன், வாயைத் திறக்கமாட்டேன். நான் வாயைத் திறக்காமல் இருப்பதைப் பார்க்கவாவது வாயேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்துப் பாதியைப் பலபேர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். தலைவி போன வாரம் என்னிடம் கேட்டார். அங்கே என் தங்கை வருகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்குத் தங்கையே கிடையாது என்பது இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. தையற்காரப் பெண் நேற்று வந்து, உன் ஜன்னல்களை அளந்துகொண்டு போயிருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். காலைப் பஸ்ஸில் வா, வெயிலுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடலாம். இத்தனை வயதுக்கு மேல் என்னைப் பொய்க்காரியாக்கிவிடாதே, தங்கச்சி.

வழி பார்த்திருக்கும்,
உன் அக்கா