பெரியவளுக்காக வளைந்த பாதை

மைனி,

இன்று காலை உங்கள் மகள் மான்குர்த்திலிருந்து வந்து, மடித்த அட்டைப்பெட்டிகளை என் ஹாலில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். புது அட்டையின் வாசனை வீடு முழுக்க நிற்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணனைச் சீத்தா கேம்ப் வீட்டிலிருந்து அவளுடைய ஃப்ளாட்டுக்கு மாற்ற வேண்டுமாம். அவரைச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பாம்.

"நீங்க சொன்னா அப்பா கேப்பாரு சித்தப்பா. அங்க அகேலா, தனியா, எத்தன நாள் இருப்பாரு?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும் எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. கூடவே நம் யானைகளின் நினைவும்.

நாம் ஏதோ நிஜ யானை வளர்த்தோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நம் யானைகள் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. இந்த வயதில் கல்யாணமும் பண்ணாமல் கேம் ஆடிக்கொண்டிருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் என்னைக் கிண்டல் செய்த காலம். சர்ச் முடிந்து ஞாயிறுதோறும் நீங்களும் அண்ணனும் செம்பூரில் என் வீட்டுக்குச் சாப்பிட வருவீர்கள். மீன்குழம்பு உள்ளே போனதும் அண்ணன் கட்டிலில் சாய்ந்துவிடுவார். நீங்கள் முந்தானையில் கையைத் துடைத்தபடி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பீர்கள். நான் ஒரு மிருகக்காட்சி சாலை கட்டிக்கொண்டிருந்தேன். வேலி போட்டு, மிருகங்களை வரவழைத்து, அவற்றைப் பார்க்கக் கூட்டத்தையும் வரவழைக்கிற விளையாட்டு. பெரிய வாசல், அதைத் தாண்டினால் நீரூற்று, அதற்கு நேர் எதிரே யானைகள். பெருமையாகச் சுற்றிக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"ஏன் தம்பி, இத்தன பேரு பிள்ளகுட்டியோட வாராங்களே, கக்கூஸ் எங்க?"

இல்லை. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். அன்றோடு மௌஸ் உங்கள் கைக்குப் போனது.

கேஸ் ஏஜென்சி கவுண்டரில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர் நீங்கள். எந்த வரிசை எந்த இடத்தில் பொறுமை இழக்கும் என்பது உங்களுக்கு அத்துப்படி. "நிக்கிற எடத்துல நெழல் இருந்தா பாதி சண்ட வராது" என்பீர்கள். டிக்கெட் வரிசைக்கு மேலே கூரை வந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் குடிதண்ணீர் வந்தது. முதுகு சாய்க்க முடியாத பெஞ்சுகளையெல்லாம் தூக்கி எறிந்தீர்கள். மிருகங்களிடமும் அதே அக்கறைதான். ஒவ்வொரு கூண்டிலும் வெளியிலிருந்து யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு மூலை இருந்தாக வேண்டும். "எந்நேரமும் ஒருத்தன் பாத்துக்கிட்டே இருந்தா அதுக்குக் கிறுக்குப் பிடிச்சிராதா?" ஒரே அறையில் மாமியார், கணவன், பிள்ளைகள், கொழுந்தன் என்று குடித்தனம் நடத்தியவர் சொல்கிற வார்த்தை அது. அந்தக் கொழுந்தன் நான்தான். சிரித்துச் சமாளித்தேன்.

நான் பூநாரைகள் வாங்கலாம் என்று சொன்ன நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் சிரித்த சிரிப்பில் அண்ணன் விழித்துக்கொண்டார். "நம்ம ட்ராம்பே ஜெட்டி பக்கம், கடல் சகதியில, அதுபாட்டுக்கு வந்து நிக்கி, அதுபாட்டுக்குப் போவுது. அதுக்குப் போயி வேலியா?" கடைசிவரை நம் ஜூவில் பூநாரை கிடையாது. நெருப்புக்கோழிக்கு மட்டும் அண்ணன் பெயரை வைத்தீர்கள். நடை அப்படியே அவருடையதாம். அவர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், வாராவாரம் தூக்கம் கலைந்ததும், "இன்னைக்கு நான் சாப்பிட்டேனா?" என்று அதைத்தான் முதலில் விசாரித்தார்.

யானைகளில்தான் வம்பு வந்தது. நான் அழகுக்காக வாசலுக்கு எதிரே கட்டிய இடம், குட்டிகள் பிறந்ததும் போதாமல் போயிற்று. பார்வையாளர்களில் சிலர் பலகை பிடித்துக் கோஷம் போட ஆரம்பித்தார்கள். அந்த விளையாட்டில் அதுவும் உண்டு. இதற்கெல்லாம் சுலபமான வழி ஒன்று இருந்தது. யானைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டுக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, பழைய இடத்தை இடித்து, சாவகாசமாகப் புதிதாய்க் கட்டலாம். முதல் பெட்டியைத் திறந்தேன். என் கையைப் பிடித்துவிட்டீர்கள்.

"பெட்டியில போடுதியே, வீடு எங்க? மொதல்ல அதக் காட்டு."

"பெட்டிக்குள்ள இருக்கையில ஒண்ணும் தெரியாது மைனி. பசிகூட எடுக்காது. கேம்தான."

"நீ உள்ள இருந்து பாத்தியா?"

உங்கள் குரலில் விளையாட்டு இல்லை. அப்புறம்தான், திரையைப் பார்த்தபடியே, நீங்கள் அதைச் சொன்னீர்கள். "எங்க பழைய வீட்ட இடிச்சுப்போட்டு, எங்கள லாரில ஏத்திச் சீத்தா கேம்ப்ல கொண்டாந்து எறக்குனாங்க தம்பி. நான் சின்னப் பிள்ள. ஒரே சகதி. சுண்ணாம்புல கோடு போட்டு, இதான் உன் வீடுன்னாங்க. எங்கம்மா மண்ணெண்ண ஸ்டவ்வத் தூக்கிக்கிட்டு நிக்கா. எங்கன வைக்கன்னு தெரியல அவளுக்கு. சாயங்காலம் வரைக்கும் எறக்கவே இல்ல."

சீத்தா கேம்ப் எப்படி உண்டானது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த ஸ்டவ் எனக்குத் தெரியாது. பின்னால் கட்டிலில் குறட்டை நின்றிருந்தது. அண்ணனும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு நீங்கள் கட்டியதை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பழைய இடத்துக்குப் பின்னாலேயே, அதை ஒட்டி, புது இடம். முதலில் குளம். "ரொம்புதா பாரு" என்று அது நிரம்பும்வரை அடுத்த வேலைக்குப் போகவில்லை. பிறகு மரங்கள், சேற்றுப் பள்ளம், கூரை. பல ஞாயிறுகள் போயின. பலகை பிடித்தவர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் நிற்கிற இடத்திலும் ஒரு குடிதண்ணீர்க் குழாய் வைத்தீர்கள். "கத்துனா தொண்ட காயும்லா." இப்படி ஒரு ஜூ நிர்வாகியை எந்த விளையாட்டும் கண்டிருக்காது, மைனி.

எல்லாம் முடிந்ததும், நடுவிலிருந்த வேலியை எடுத்தோம். பெட்டி இல்லை, கிடங்கு இல்லை. குட்டிகள் முதலில் ஓடின, பின்னால் தாய்கள் போயின. கிழ யானை மட்டும் நகரவில்லை. பெரியவள் என்று அவளைக் கூப்பிடுவோம். காத்திருந்தோம். அடுத்த ஞாயிறும் அவள் பழைய இடத்திலேயே நின்றாள். அவள் போனால்தான் அதை இடித்து என் நீரூற்றிலிருந்து புது இடத்துக்கு நேர் வழி போட முடியும். இந்தப் பக்கத்துத் தீனித்தொட்டியை எடுத்துவிட்டால் தானாகப் போய்விடுவாள் என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "பட்டினி போட்டா தம்பி வீடு மாத்தணும்?"

தொட்டி அங்கேயே இருந்தது. பாதையைத்தான் மாற்றினீர்கள். வாசலிலிருந்து நேராக வர வேண்டிய பாதை, பெரியவளின் இடத்தைச் சுற்றி வளைந்து போயிற்று. பார்க்கச் சகிக்கவில்லை. சுற்றி நடக்கிற சனம் முணுமுணுக்கக் கூடாதென்று அந்த வளைவில் ஐஸ்கிரீம் கடை போட்டீர்கள். பெரியவள் மெல்ல மெல்லப் புது இடத்துக்குப் போனாள், குளித்தாள், பேரப்பிள்ளைகளோடு நின்றாள், பிறகு திரும்பிப் பழைய இடத்துக்கே வந்து படுத்தாள். "அவ இஷ்டம்" என்றீர்கள்.

போன வருடம் மழைக்கு முன்னால் நீங்கள் போய்விட்டீர்கள். வெகுநாள் கழித்து ஒரு ஞாயிறு தைரியமாக நம் ஜூவைத் திறந்து விளையாட்டை ஓடவிட்டேன். பெரியவளுக்கும் வயது முடிந்துவிட்டது. கேம்தான். ஆனாலும் அழுகையாக வந்தது. யாரிடம் சொல்வது? அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "அவளும் போயிட்டாளா" என்றார்.

இன்று காலை உங்கள் மகள் போகிற அவசரத்தில் ஒன்று சொன்னாள். "அப்பா ரொம்ப ஜித் பண்ணி அடம்புடிச்சா, அங்க இருக்கிற கேஸ் கனெக்‌ஷன சரண்டர் பண்ணிருவேன். டீகூடப் போட முடியாதுல்ல, தானா வந்துருவாரு." அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிடுவாரோ, ராத்திரி மூச்சு முட்டினால் யார் பார்ப்பார்கள் என்று தினமும் பயந்து சாகிறாள். அவள் பயமும் உண்மை. இந்த மடலை இங்கே நிறுத்திவிட்டு இப்போது அவளைப் பார்க்கப் போகிறேன்.

*

மழைக்காலம் பிடித்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

அன்று அவளிடம் தீனித்தொட்டியைப் பற்றிச் சொன்னேன். ஸ்டவ்வைப் பற்றியும் சொன்னேன். ஆச்சி, உங்கள் அம்மா, கையில் ஸ்டவ்வோடு நின்றது அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. "மம்மி எனக்கு ஏன் சொல்லல?" என்று அழுதாள். "கேட்டுருக்க மாட்டோம், நீயும் நானும்" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கேஸ் இருக்கட்டும் சித்தப்பா" என்றாள். பிறகு அண்ணனையே ஃப்ளாட்டுக்குக் கூட்டிப்போய், கட்டில் எங்கே போட, ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டு அறையைத் தயார் செய்தாள். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாள். அதே மாதிரி கம்பி சீத்தா கேம்ப் வீட்டிலும் வைத்தாள். அதை நான் சொல்லித் தரவில்லை. உங்கள் மகளாயிற்றே.

அண்ணன் பகலில் பஸ் பிடித்துப் போகிறார். பேரனோடு சண்டை போடுகிறார். மழை கொட்டினால் அங்கேயே தங்குகிறார், விட்டதும் கிளம்பிவிடுகிறார். இப்போதெல்லாம் தெரிந்தவர்கள் யார் வீடு மாறினாலும், நான் முன்னாலேயே போய்த் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன். கிறுக்கன் என்கிறார்கள். என்னவும் சொல்லிக்கொள்ளட்டும்.

நேற்று அவரை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். குடையை இடுக்கிக்கொண்டு சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். ஒரு வளையத்தில் இரண்டு சாவி.

"இன்னைக்கு எந்த வீட்டுக்குண்ணே?" என்றேன்.

"தெரியலலே. பஸ் எது மொதல்ல வருதோ பாப்போம்" என்றார். உங்களுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான், மைனி.