வாசிக்கச் சொன்னது நான்தான்

தியாகராய நகர்,
20-11-1973

அன்பு மகன் கருணாகரனுக்கு அப்பா சுயம்புலிங்கம் எழுதிக்கொண்டது. பிலாயில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வருவாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஐந்து மாதமாக உனக்கு எழுதி வந்தேன், அது பொய். உன் அம்மா அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மார்பில் கட்டி. ஆனியில் பார்த்தோம், ஆடியில் அறுத்தார்கள், இப்போது நுரையீரலுக்கும் போய்விட்டது என்கிறார் டாக்டர். பெற்ற பிள்ளையிடமே மறைத்தீர்களே என்று நீ கேட்பாய். உனக்கு எழுதினால் நீ பதறிப்போய் கடை ஆட்களுக்கு எழுதி விசாரிப்பாய், அப்படியே வெளியே போய்விடும் என்றுதான் எழுதவில்லை.

உன் தங்கச்சி புஷ்பத்துக்குச் சாத்தூர்ப் பக்கம் பேசி முடித்து, தை மாதம் கல்யாணம் என்று இருந்தது உனக்குத் தெரியும். தாய்க்கு இந்த நோய் என்றால் மகளுக்கும் வரும் என்று சொல்கிற ஜனம் நம் ஜனம். நம் பாத்திரக்கடையில் வேலை பார்க்கிற பதினொரு பேரில் பத்துப் பேர் நம் ஊர்க்காரர்கள், கடை மாடியிலேயே படுக்கை, நம் வீட்டு அடுப்பிலிருந்துதான் மூன்று வேளைச் சாப்பாடு. ஒருத்தன் காதில் விழுந்தால் அடுத்த தபாலில் ஊருக்குப் போகும். அதனால் அம்மா அவள் அக்காவைப் பார்க்கத் தூத்துக்குடிக்குப் போயிருக்கிறாள், வர நாளாகும் என்று சொல்லி வைத்தேன். சமையலுக்கு வந்த தேவானையிடம் சூடம் அடித்துச் சத்தியம் வாங்கினேன். கடை ஆட்களில் உண்மை தெரிந்தவன் சண்முகவேல் ஒருத்தன்தான், பதினாறு வருஷமாக நம்மிடம் இருக்கிறவன். மத்தியானம் நான் கடையை விட்டுப் போனால் எல்லோரும் கவனிப்பார்கள் என்று கஞ்சித் தூக்கை அவனிடம்தான் கொடுத்தனுப்பினேன். ஒரு நாள் தவறாமல் போனான். அம்மாவுக்கு வாயெல்லாம் புண், அவன் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக் குடிக்க வைப்பானாம்.

தினம் மத்தியானம் காணாமல் போகிறானே என்று கடையில் பேச்சு கிளம்பியது. அடையாற்றில் அவனுக்கு ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று வாடிக்கைக்காரர்கள் வரைக்கும் சொல்லிச் சிரித்தார்கள். அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் நமக்கு நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். இப்படி இருக்கும்போது புரட்டாசியில் சாத்தூர்க்காரர்கள் ஆள் அனுப்பி, தாய்க்கு அந்த வியாதி இருக்கிற வீட்டில் எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம், மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது என்பது உனக்குத் தெரியும். தெரிந்தவன் ஒருத்தன், அப்போது சொன்னவனும் அவன்தானே. கடையில் அத்தனை பேர் பார்க்கச் சண்முகவேலைக் கன்னத்தில் அறைந்தேன், டிரங்குப் பெட்டியைத் தெருவில் வைக்கச் சொன்னேன். நான் சொல்லலை அண்ணாச்சி என்று ஒரு தடவை சொன்னான், அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். இந்தத் தீபாவளிக்கு ஆட்களுக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கவும் அம்மா இல்லை, வாங்கிக்கொள்ள அவனும் இல்லை.

போன சனிக்கிழமை நம் ஊர் அம்மன் கோயில் பூசாரியிடமிருந்து திருநீறும் ஒரு கடுதாசியும் வந்தன. ஆவணியில் நான் வெள்ளியில் மார்பு உருவம் ஒன்று அடித்து அவருக்கு ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்பியிருந்தேன். கண் வலி என்றால் கண், கால் வலி என்றால் கால் என்று உருவம் செய்து போடுவது நம் பக்கத்து வழக்கம்தானே. சும்மா உண்டியலில் போட்டுவிட்டால் அம்மன் காதில் விழாது, வெள்ளிக்கிழமை உச்சிப் பூஜையில் பேர், நட்சத்திரம், வியாதி எல்லாம் சொல்லி மூன்று தரம் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று நானேதான் என் கையால் எழுதினேன். அப்படியே வாசித்தேன், சாத்தூர்ச் சம்பந்தி அம்மாள் கூட அன்றைக்கு நின்று கேட்டுக் கண் கலங்கினாள் என்று பூசாரி எழுதியிருக்கிறார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இத்தனை மூடி விற்கிறேன், என் வாய்க்கு ஒன்று இல்லாமல் போயிற்று.

அதே கடுதாசியில் சண்முகவேல் சேதியும் இருந்தது. பொம்பளை விவகாரத்தில் முதலாளி துரத்திவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சாம். அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்கு அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். அண்ணாச்சி வீட்டு அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் திரும்பி வருவாள். அவன் சொல்லவில்லை.

மூன்று நாள் யோசித்தேன். கோயிலில் கேட்டவர்களோடு போகாமல் கடையிலும் நானே உண்மையைச் சொன்னால் புஷ்பத்துக்கு இனி நம் ஜனத்தில் வரன் அமைவது கஷ்டம். அவளிடமே கேட்டேன். சொல்லுங்கப்பா என்றாள், உள்ளே போய்விட்டாள். இன்று காலை கடை திறக்கும் முன் எல்லோரையும் நிற்க வைத்து, அம்மாவுக்கு இன்ன வியாதி, சண்முகவேல் போனது அவளைப் பார்க்க, அவனை அடித்தது என் தப்பு என்று சொன்னேன். மூட்டை ஏற்றுகிற கபாலி, நம் கடையில் ஒரே சென்னைக்காரன், அவன்தான் வாயைத் திறந்தான். அம்மா ஆஸ்பத்திரில கீதுன்னு மொத மாசமே எங்க அல்லாருக்கும் தெரியும் மொதலாளி, எம் பொஞ்சாதி அந்த கேட்டாண்டதான் பூ விக்குது, வெளிய யார்னா கேட்டா இன்னா சொல்றதுன்னு அந்தப் பொம்பளை கதைய நாங்களே கட்டினோம், சண்முகவேலும் சரின்னுச்சு என்றான். நீங்க அடிச்சப்பவே சொல்லியிருப்போம், சொன்னா உங்களுக்கு அவமானமாப் பூடுமேன்னு வுட்டுட்டோம் என்றான். பதினொரு பேரும் ஐந்து மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள், அம்மா வியாதி பற்றி ஊருக்கு ஒரு கார்டு போகவில்லை. என் வீட்டு விஷயத்தை ஊரைக் கூட்டிச் சொன்னவன் நான் ஒருத்தன்தான்.

சண்முகவேல் போனதிலிருந்து தேவானைதான் கஞ்சி கொண்டுபோனாள், இன்று மத்தியானம் நானே எடுத்துக்கொண்டு அடையாறு போனேன். சண்முகவேல் லீவில் ஊருக்குப் போயிருக்கிறான் என்று அம்மாவிடம் இதுவரை சொல்லி வந்தது பொய், அவனை அடித்துத் துரத்தினேன் என்று ஒப்புக்கொண்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளையை அடிச்ச கையால எனக்கு ஊட்டாதீங்க என்றாள். தூக்கை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

டாக்டர் மாதக்கணக்கில் சொல்லவில்லை, வாரக்கணக்கில்தான் சொல்கிறார். கிடைத்த ரயிலில் புறப்பட்டு வா. வந்து அம்மாவைப் பார்த்ததும் நாம் இருவரும் ஊருக்குப் போவோம். முதலில் கோவில்பட்டி, பேச்சியம்மாளிடம் நான் பேச வேண்டும். அப்புறம் அவன் வீடு. ஐப்பசியில் சம்பள பாக்கிக்காக நான் போட்ட கடுதாசியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டான், நீ கூட வந்தால் கதவையாவது திறப்பான். ரயிலில் ராத்திரி குளிரும், ஸ்வெட்டரை மறக்காதே, வழியில் கண்டதையும் வாங்கித் தின்னாதே. அம்மன் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

புறப்படும் நேரத்துக்குத் தந்தி கொடு. வீட்டுக்கு வேண்டாம், கடை விலாசத்துக்கே கொடு. ஆட்கள் பிரித்துப் படிப்பார்கள், படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சுயம்புலிங்கம்