கைப்பையில் போன எலுமிச்சம்பழம்

பிரிக்பீல்ட்ஸ்,
17.8.1993

அன்புள்ள புஷ்பவல்லிக்கு,

நான் ஓரளவு நலம். உன் நலத்தை விசாரிக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா, தெரியவில்லை. உன் சிங்கப்பூர் முகவரியை நம் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ராதாகிருஷ்ணன் அண்ணன்தான் தந்தார். "சண்டை போடறதுக்குன்னா தர மாட்டேன்லா" என்றார். சண்டைக்கில்லை என்றேன். அது பாதி உண்மை.

நேராகவே கேட்கிறேன். மே மாதம் கிள்ளான் மண்டபத்தில் நான் மேடை ஏறுமுன் என் முகத்துக்கு எலுமிச்சம்பழம் சுற்றினாய். "எல்லாக் கண்ணும் உம்மேலதாண்டி" என்றாய். சுற்றிய பழத்தை முச்சந்தியில்தானே போடுவார்கள்? நீ கைப்பைக்குள் வைத்ததைப் பார்த்தேன். ஏன்?

மறுநாள் காலை வாய் கொப்பளித்தால் தண்ணீர் வலது ஓரமாக வழிந்தது. கண்ணாடியில் பாதி முகம் தொங்கிக் கிடந்தது. வலது கண் மூடவே இல்லை. அம்மா, "நேத்து உன் முகத்துகிட்ட கை கொண்டாந்தது யாரு?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். மாலைக்குள் தெருவே செய்வினை என்றது. குழுவிலிருந்து உன்னை நிறுத்தினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

டாக்டர் மார்க்கிரட் புருவத்தைத் தூக்கச் சொன்னார். வலது புருவம் அசையவில்லை. "ஸ்ட்ரோக்னா பெரும்பாலும் நெத்தி அசையும்மா. இது முகத்து நரம்பு வீங்கினது. நிறையப் பேருக்குச் சரியாயிடும். மாத்திரையை இன்னிக்கே ஆரம்பி" என்றார். எனக்கு மாத்திரைமேலும் சந்தேகம். கேரித் தீவுப் பூசாரி கட்டிய தாயத்து போதும் என்றிருந்தேன். ஐந்தாம் நாள் கண் சிவந்து எரிந்தது. திரும்பப் போனால் டாக்டர், "மொத நாளே முழுங்க வேண்டியத பொட்டலத்துல வச்சு கும்பிட்டியா?" என்று திட்டினார். கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை மூடிப் பிளாஸ்டர், கண்ணாடி முன் பயிற்சி. ஆறாவது வாரம் உதட்டோரம் லேசாகத் துடித்தது. ஓடிப் போய் உன்னிடம் காட்டத் தோன்றியது. அப்புறம்தான் நீ இந்த ஊரில் இல்லை என்பது நினைவு வந்தது.

ராதாகிருஷ்ணன் அண்ணன் போன வாரம் சொன்னார்: "மண்டப வாசல்ல குப்பை போட்டா ஃபைன்னு எழுதியிருந்தான். நான்தான் அவகிட்ட பழத்தைப் பையில வச்சுக்கச் சொன்னேன்." நம்பினேன். வீட்டுக்கு வந்ததும், அவர் உன் பக்கம் பேசுகிறவர்தானே என்றது மனம். நரம்புதான் காரணம் என்று தெரிந்த பிறகும் இப்படி. உன்னிடம் இதை மறைத்து எழுத எனக்கு வராது.

செப்டம்பர் 18, சனிக்கிழமை, கிள்ளானில் மறுபடியும் நிகழ்ச்சி. ஒரே கேசட்டைத் தேயத் தேயப் போட்டுப் பாட்டுக் கற்றவர்கள் நாம். என் மூச்சு எங்கே நிற்கும் என்று உனக்குத்தான் தெரியும். உதடு சேரும் இடங்களில் இன்னும் காற்று கசிகிறது. நீ பக்கத்தில் நின்று அந்த இடங்களைப் பாடு. செய்வினை இல்லை, நரம்பு என்று மேடையிலேயே நான் சொல்கிறேன். அம்மா முன்வரிசையில் இருப்பார்.

என் கேள்விக்குப் பதில் எழுத மனமில்லையென்றால் எழுதாதே. வந்தால் போதும்.

எந்த ஊரில் பாடினாலும் உன் குரல் நன்றாக இருக்கட்டும்.

தோழி என்று போடக் கை தயங்கும்,
சந்திரகலா